மொழி தெரியாத நாடகத்துக்குப் போகலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நான்கு பேரும் கோவையில் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊர். இந்த வருடம் எல்லோருக்கும் நாற்பது வயது ஆகிறது. ‘வீட்டைக் கொஞ்சம் விட்டுவிட்டு எங்காவது போவோம்’ என்று பத்து வருடமாகப் பேசிப் பேசி, கடைசியில் டில்லி என்று முடிவாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை போய் ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். குடியரசு தினத்தை ஒட்டிய வாரக்கடைசியா, பிப்ரவரி முதல் வாரமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

எனக்கு அங்கே ஒரு நல்ல நாடகம் பார்க்க வேண்டும். கல்லூரியில் நாங்கள் சேர்ந்து நடித்தவர்கள். அதற்குப் பிறகு மேடைப் பக்கமே போகவில்லை. ஆனால் எங்களில் ஒருத்தி, ‘நமக்கு ஹிந்தி கடையில் விலை கேட்கிற அளவுக்குத்தான் வரும். புரியாத நாடகத்துக்குப் போய் உட்காருவதற்கு ஆக்ராவுக்குப் போய்விட்டு வரலாம்’ என்கிறாள். அவள் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. நீங்கள் டில்லியில் நாடகம் பார்த்தவர். மொழி தெரியாமல் போனால் வீண்தானா?

ச.,
திருப்பூர்

அன்புள்ள ச.,

போங்கள். கட்டாயம் போங்கள்.

தேதியை முதலில் முடித்துவிடுவோம். பிப்ரவரிதான் சரி. ஜனவரி மூடுபனியில் காலையில் இறங்க வேண்டிய விமானம் மத்தியானம் இறங்கினால், உங்களிடம் இருக்கும் மூன்று நாளில் பாதி நாள் போய்விடும். குடியரசு தினத்துக்காக நடு டில்லியில் சாலைகளை வேறு மறித்து வைத்திருப்பார்கள். நீங்கள் போக வேண்டிய அரங்குகள் அந்த அணிவகுப்புச் சாலைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. தேசிய நாடகப் பள்ளி 1999-லிருந்து நடத்தும் பாரத் ரங் மஹோத்சவ் என்ற நாடக விழா பெரும்பாலும் ஜனவரி கடைசியை ஒட்டியோ பிப்ரவரியிலோதான் வரும். அந்த வருடத் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அந்த விழாவுக்குப் பல மொழிகளிலிருந்தும் நாடகங்கள் வருகின்றன. டில்லிக்காரர்களே தங்களுக்குத் தெரியாத மொழியில் நாடகம் பார்க்க உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் தோழியிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பெண்கள் அந்த விழாவுக்குப் போயிருந்தோம். நாடகப் பள்ளி வளாகத்துக்குள் பஹுமுக் என்று ஒரு சின்ன அரங்கு. நடிப்பவர் மூச்சு வாங்குவது காதில் விழும் அளவுக்கு நெருக்கம். நாடகம் மணிப்பூரி. எங்கள் மூவருக்கும் ஒரு சொல் தெரியாது. நடுவயதுப் பெண் ஒருத்தி ஒரு துணியை உதறி மடிக்கிறாள். மடிப்பை நகத்தால் ஒரு முறை அழுத்தித் தேய்க்கிறாள். பிறகு பிரித்து, மறுபடி உதறி, முன்னைவிடச் சின்னதாக மடிக்கிறாள். அவளைச் சுற்றி ஊர் நடக்கிறது, சண்டை வருகிறது, யாரோ ஓடுகிறார்கள். அவள் மடித்துக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் அந்தத் துணி அவள் கைக்குள் அடங்கிவிட்டது. விளக்கு அணைந்த பிறகும் அந்த உதறல் சத்தம் ஒரு முறை கேட்டது.

வெளியே வந்து பெங்காலி மார்க்கெட்வரை நடந்தோம். டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் பேச்சு வந்தது. நான் சொன்னேன், அவள் அம்மா, மகன் எங்கோ போய்விட்டான் என்று. இன்னொருத்தி, இல்லை, அவள் புருஷனுக்காகக் காத்திருக்கிறாள் என்றாள். மூன்றாமவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அவதான்டி செத்துப்போனவ. மேடையில ஒருத்தர்கூட அவ முகத்தைப் பார்க்கல, கவனிச்சீங்களா?’ என்றாள். நாங்கள் கவனித்திருக்கவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பை அணைக்கும்வரை அங்கேயே நின்று வாதாடினோம்.

மறுநாள் காலை நாடகக் கையேட்டை எடுத்துப் படித்தோம். அவள் ஒரு நெசவுக்காரி. அது அவள் தறியில் கடைசியாக நெய்த துணி. எங்கள் மூன்று கதையும் தப்பு. ஆனால் அந்த வருடம்தான் என் மகன் வெளியூர் விடுதிக்குப் போயிருந்தான். வீடு எனக்கு எப்படி இருக்கிறது என்பதை இவர்கள் இருவரிடமும் நான் சொல்லவே இல்லை. நான் சொன்ன கதையைக் கேட்டதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஊர் திரும்பும்வரை இருவரும் என்னைத் தனியாக விடவில்லை. வசனம் புரிந்திருந்தால் அன்று நாங்கள் நடிப்பு நன்றாக இருந்தது என்று பேசிவிட்டுத் தூங்கப் போயிருப்போம்.

இது எங்கள் மூவருக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. நாடக இயக்குநர் ஹபீப் தன்வீர் சத்தீஸ்கர் கிராமத்துக் கலைஞர்களை வைத்து நாடகம் போட ஆரம்பித்தபோது அவர்களை ஹிந்தியில் பேசவைத்தார். தங்கள் ஊர்த் திடலில் ராத்திரி முழுக்க ஆடிப் பாடுகிறவர்கள் மேடையில் இறுகிப்போனார்கள். தவறு தன்னுடையது என்று அவருக்குப் புரிந்ததும், அவர்களுடைய பேச்சுமொழியிலேயே பேச விட்டுவிட்டார். அப்படி உருவானதுதான் 1975-ல் வந்த ‘சரண்தாஸ் சோர்’. அது 1982-ல் எடின்பரோ விழாவில் விருது வாங்கியது. சத்தீஸ்கரி தெரிந்தவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அதற்காக எந்த நாடகத்துக்கும் போகலாம் என்று சொல்லமாட்டேன். வரவேற்பறையில் நான்கு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் நாடகம் மொழி தெரியாதவர்களைக் களைப்பாக்கிவிடும். அந்த இடத்தில் உங்கள் தோழி சொல்வது சரிதான். உடல், பாட்டு, தாளம் இவற்றில் நிற்கும் நாடகமாகப் பாருங்கள். மகாபாரதக் கதை என்றால் இன்னும் நல்லது, கதை நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கிரிஷ் கர்னாட், விஜய் டெண்டுல்கர், பாதல் சர்க்கார் நாடகம் எதையாவது போடுகிறார்கள் என்றால், அவர்களுடைய நாடகங்கள் தமிழில் வந்திருக்கின்றன. தேடிப் படித்துவிட்டுப் போங்கள்.

போக வேண்டிய இடம் மண்டி ஹவுஸ். மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர். டில்லி மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கமானி, ஸ்ரீராம் சென்டர், எல்.டி.ஜி. அரங்குகள், நாடகப் பள்ளி எல்லாமே அங்கிருக்கும் ரவுண்டானாவைச் சுற்றி நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. ஸ்ரீராம் சென்டர் இருக்கும் சாலைக்கு சஃப்தர் ஹாஷ்மி மார்க் என்று பெயர். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். சஃப்தர் ஒரு தெருநாடகக் கலைஞர். 1989 ஜனவரி 1 அன்று, டில்லியை ஒட்டிய சாஹிபாபாதில் தொழிலாளர்கள் நடுவே ஜன நாட்டிய மஞ்ச் குழுவோடு தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது அவரை அடித்துப் போட்டார்கள். மறுநாள் இறந்துபோனார். வயது 34. ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மொலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார். துக்க வீட்டில் மூன்றாம் நாள் நாம் என்ன நிலைமையில் இருப்போம் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் சாலையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நான்காம் தேதிதான் ஞாபகம் வரும்.

பகலில் ஒரு இடம் மட்டும் பாருங்கள். ஃபிரோஸ் ஷா கோட்லா. 14-ஆம் நூற்றாண்டுக் கோட்டை, இப்போது இடிபாடு. மகாபாரதப் போரின் கடைசி நாளைப் பற்றி தர்மவீர் பாரதி எழுதிய ‘அந்தா யுக்’ நாடகத்தை 1963-ல் இப்ராஹிம் அல்காஜி அந்த இடிபாடுகளுக்கு நடுவிலேயே போட்டார். இடிந்த கோட்டையே அஸ்தினாபுரம். இன்றைக்கும் ஜனங்கள் அங்கே வந்து ஜின் என்னும் ஆவிகளுக்குக் கடிதம் எழுதி வைக்கிறார்கள். வியாழக்கிழமைதான் கூட்டம். மற்ற நாட்களில் போனாலும் விளக்குப் புகை படிந்த மாடங்களையும், மடித்துச் செருகிய காகிதங்களையும் பார்க்கலாம். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்காதீர்கள்.

ஆக்ரா இந்தத் தடவை வேண்டாம். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும். சனிக்கிழமை போனால் போகவர அந்த நாளே சரியாகிவிடும், ராத்திரி நாடகத்தில் நீங்கள் நால்வரும் தூங்குவீர்கள். அதை இன்னொரு பயணமாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் பத்து வருடம் ஆக்க வேண்டாம். பழைய டில்லியில் ‘தௌலத் கி சாட்’ என்று பால் நுரையைக் கடைந்து குளிர்காலத்தில் மட்டும் விற்பார்கள். வாயில் வைத்தால் இருந்த இடம் தெரியாது. காலையிலேயே போய்ச் சாப்பிட்டுவிடுங்கள். ராத்திரிக்குச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, எலுமிச்சை பிழிந்து. ஸ்வெட்டர் எல்லோரும் எடுத்துப் போவார்கள், கம்பளிக் காலுறையை மறந்துவிடுவார்கள். டில்லிக் குளிர் காலில்தான் ஏறும்.

மூன்று நாளில் மூன்று நாடகம் என்று அடுக்காதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று போதும். ஆக்ராவுக்கு ஆசைப்பட்ட அந்தத் தோழியை உங்கள் மூவருக்கும் நடுவில் உட்காரவையுங்கள். கையேடு பைக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே வந்து டீயைக் கையில் வாங்கியதும் அவளை முதலில் பேச விடுங்கள். அவள் என்ன கதை பார்த்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா