கைக்கு எதற்குப் பவுடர்?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் பேச்சுப் போட்டியில் ‘நிறவெறி’ என்று தலைப்பு கொடுத்தார்கள். அமெரிக்கக் கறுப்பினப் போராளி ரோசா பார்க்ஸ் பற்றி அவளே எழுதி, மனப்பாடம் செய்து, வீட்டில் அருமையாகப் பேசிக் காட்டினாள். போட்டி அன்று காலையில் நானே தலைவாரி, முகம், கழுத்து, கை எல்லாம் பவுடர் போட்டு அனுப்பினேன். பெயரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மேடை பயம் போக ஏதாவது வகுப்பில் சேர்க்கலாமா? அடுத்த மாதம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம் வேறு வருகிறது. இப்படி உம்மென்று இருந்தால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

பதில்: சகோதரி, வகுப்பெல்லாம் வேண்டாம். முதலில் எனக்கு ஒன்று சொல்லுங்கள். மேடை ஏறுகிற பிள்ளைக்கு முகத்தில் பவுடர் போடாத அம்மா குறைவு. கைக்கு எதற்குப் போட்டீர்கள்? முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்றுதானே? கடிதம் முழுக்க மகளின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை நீங்கள். அந்தக் கை சொல்லிவிட்டது.

கறுப்பாக இருப்பது இழிவில்லை என்று ஊருக்கு முன்னால் பேச வேண்டியவளை, அன்று காலையிலேயே பிடித்து உட்காரவைத்து, அவள் கறுப்பை மறைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அவள் எந்த முகத்தோடு மேடை ஏறுவாள்? 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரப் பேருந்தில், வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழ மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவரைப் பற்றி எழுதிய பெண், தானும் எழ மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் மரியாதைதான் வருகிறது.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940-களில் ஓர் ஆய்வு செய்தார்கள். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளின் முன்னால் பொம்மைகளை வைத்தார்கள். நிறத்தைத் தவிர பொம்மைகளில் வேறு வித்தியாசம் கிடையாது. நல்ல பொம்மை எது என்று கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. உன்னைப் போல இருப்பது எது என்று கேட்டதும் சில குழந்தைகள் அழுதுகொண்டே ஓடிவிட்டன. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி வைப்பது செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வையும் சுட்டிக்காட்டியது. வெள்ளைதான் நல்லது என்று அந்தக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தது ஊரும் சட்டமும். உங்கள் பெண்ணிடம் எந்தச் சட்டமும் வந்து சொல்லவில்லை. பெற்ற தாயே பவுடர் டப்பாவோடு வந்து நின்றிருக்கிறாள்.

காலம் காலமாக நம்மிடம் இருப்பதுதானே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை, அதாவது மாந்தளிர் நிறம். தலைவன் பிரிந்து போனால் அது மங்கி அவள் மேனி வெளிறிப்போகும். அந்தப் பசலையை நினைத்துத்தான் அழுவாள். திருக்குறளில் 119-ஆம் அதிகாரத்தின் பத்துக் குறளும் அந்தப் புலம்பல்தான். வெளிறிப்போவதைத் துக்கமாகப் பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்றைக்குப் பெண் பார்க்க வருவதற்கு முன்பே ‘பொண்ணு கலரா?’ என்று விசாரிக்கிறோம்.

நாலு பேர் ஏதாவது சொல்வதற்குள் நாமே சரிசெய்துவிடலாம் என்ற பயத்தில் செய்திருப்பீர்கள். உங்கள் அம்மாவும் உங்களுக்கு இதையே செய்திருக்கலாம். ஆனால் அந்த நாலு பேரில் முதல் ஆள் நீங்களாகிவிட்டீர்களே! வெளியே ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். அதையெல்லாம் கேட்டுவிட்டு வீடு திரும்புகிற பிள்ளைக்கு அம்மாவின் பார்வையிலாவது குறை தெரியக் கூடாது. தாயின் முதல் கடமை அது. சோறு போடுவதெல்லாம் அப்புறம்தான்.

இன்று இரவே அவளிடம் பேசுங்கள். ‘உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கே’ என்று சமாதானமும் சொல்லாதீர்கள், அது இன்னும் வலிக்கும். செய்தது தப்பு என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளையிடம் தப்பை ஒப்புக்கொண்டால் பெரியவர்களின் மரியாதை போய்விடும் என்பதை நான் நம்புவதில்லை. அவள் உடனே சிரித்துவிட மாட்டாள். பொறுங்கள்.

கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். அவர்கள் உங்கள் பெண்ணைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ‘உன் பொண்ணா இது, கறுத்துப்போயிட்டாளே’ என்று யாராவது ஆரம்பித்தால், ‘என் பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேசாதீர்கள்’ என்று அங்கேயே, அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மரியாதை தர வேண்டியதுதான். அதற்காக ஒரு குழந்தையைக் குத்திக் காட்ட அவர்களுக்கு உரிமை கொடுக்க முடியாது. நாத்தனாருக்கு வருத்தம் வந்தால் வரட்டும். அவரோடு பிறகு பேசிச் சமாதானம் ஆகிக்கொள்ளலாம்.