வாசகர் கேள்வி பதில்: சர்வரை மூடினால் சிநேகிதர்களை எங்கே தேடுவது?

கேள்வி: மூன்று வருடமாக மாஸ்டடானில் இருக்கிறேன், ட்விட்டர் மாதிரி ஒரு சமூக வலைத்தளம், ஆனால் தனித்தனி ஆட்கள் நடத்துகிற பல சர்வர்கள் சேர்ந்தது. மாடித்தோட்டம், பழைய நாணயம் என்று பேசிப் பேசி ஒரு நாற்பது பேர் பழக்கமாகிவிட்டார்கள். இப்போது எங்கள் சர்வரை நடத்துகிறவர் வருடக் கடைசியில் மூடப்போவதாக எழுதிவிட்டார். யாராலும் மூட முடியாது என்று சொல்லித்தானே சேர்த்தார்கள்? கோட்டை உண்டு, ராஜா இல்லை என்று நம்ம வேலூரைச் சொல்வார்களே, அதுபோல என்றுதான் நினைத்திருந்தேன்.
(ஒரு வாசகர், காட்பாடி)

பதில்: பெரிய ராஜா இல்லை என்பது சரி, ஆனால் படைவீட்டில் சம்புவராயர் இருந்த மாதிரி ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சிற்றரசர் இருக்கிறார். மாத வாடகை கட்டுவது அவர், நடுராத்திரியில் சர்வர் படுத்துவிட்டால் எழுந்து உட்காருவது அவர், வம்பு பேசுகிறவனை வெளியே அனுப்புவதும் அவர்தான். பெரும்பாலும் தனி ஆள், சம்பளம் கிடையாது. 2016-ல் ஆய்கன் ரோச்கோ ஜெர்மனியிலிருந்து மாஸ்டடானை வெளியிட்டதிலிருந்தே ஏற்பாடு இதுதான்: மென்பொருள் எல்லோருக்கும் பொது, சர்வர் அவரவருடையது. அதனால் மொத்தமாக யாரும் மூட முடியாது, உங்கள் வீட்டை மட்டும் மூடலாம்.

எனக்கு இது நடந்திருக்கிறது. 2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரின் ட்விட்டர் கணக்கை முடக்கினார்கள் என்று இந்தியாவிலிருந்து நிறைய பேர் மாஸ்டடானுக்கு மாறினார்களே, அந்தக் கூட்டத்தோடு நானும் போனேன். நான் சேர்ந்த சர்வர் ஒருநாள் காலையில் திறக்கவில்லை. முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. அங்கே வாலாஜாவிலிருந்து ஒரு பெரியவர் எழுதுவார், பாலாற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று தினமும் ஒரே ஒரு வரி. அவருடைய நிஜப்பெயர்கூட எனக்குத் தெரியாது. 2021 நவம்பரில் ஆற்றில் வெள்ளம் புரண்டபோது அவர் என்ன எழுதியிருப்பார் என்றுதான் நினைத்தேன், இன்றுவரை அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

உங்களுக்கு அவகாசம் கிடைத்திருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். வேறொரு சர்வரில் புதுக்கணக்கு தொடங்கி, அதன் அமைப்புகளில் பழைய முகவரியைச் சேர்த்துவிட்டு, அப்புறம் பழைய கணக்கிலிருந்து இடமாற்றம் கொடுங்கள். உங்களைப் பின்தொடர்கிறவர்கள் தாமாகவே கூட வருவார்கள். நீங்கள் பின்தொடர்கிறவர்களின் பட்டியலைக் கோப்பாக எடுத்துப் புது இடத்தில் ஏற்ற வேண்டும். பழைய பதிவுகள் மட்டும் வராது, அவற்றை இறக்கி உங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நாற்பது பேரிடமும் மெயில் முகவரியோ போன் நம்பரோ கேட்டு வாங்குங்கள். புது சர்வரைப் பார்க்கும்போது உறுப்பினர் எத்தனை என்று பார்க்காதீர்கள், நடத்துவது யார், செலவு எங்கிருந்து வருகிறது, அவருக்கு முடியாமல் போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் உண்டா என்று பாருங்கள். மாஸ்டடான் தன் இணையதளத்தில் பரிந்துரைக்கிற சர்வர்கள், மூடுவதானால் 3 மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் தேடுவது நல்லது. முடிந்தால் மாதம் நூறு ரூபாய் கொடுங்கள்.

கேள்வி: மாஸ்டடானில் தனிச்செய்தி அனுப்பினால் வேறு யாரும் படிக்க முடியாதா?
(ஒரு வாசகி, குடியாத்தம்)

பதில்: முடியும். அதற்குப் பூட்டு கிடையாது, அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவருடைய சர்வரையும் நடத்துகிறவர்கள் நினைத்தால் பார்க்கலாம். இன்னொன்று, செய்திக்குள் மூன்றாவது ஆளின் கணக்கை அட் (@) குறியோடு எழுதினால் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். குடும்ப விஷயத்தை அங்கே எழுதவே எழுதாதீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு பெங்களூரில் வேலை, சனி ஞாயிறு மட்டும்தான் ரயிலேறி வருவார். மற்ற நாட்களில் ராத்திரி எட்டரைக்கு அவரும் ஆறாவது படிக்கிற பையனும் ஆன்லைனில் ஓவர்குக்ட் 2 என்கிற வீடியோ கேம் விளையாடுகிறார்கள். அத்தை தினமும் திட்டுகிறார். நிறுத்திவிடவா?
(ஒரு வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த ஆட்டமே ஒரு சமையலறைதான், ஒருவர் நறுக்க வேண்டும், ஒருவர் அடுப்பைப் பார்க்க வேண்டும், கவனிக்காமல் விட்டால் தீப்பிடிக்கும், தட்டு கழுவ ஆளில்லை என்றால் பரிமாற முடியாது. எதிரி யாரும் கிடையாது, பேசிக்கொள்ளாமல் ஒரு ஆர்டர்கூட முடிக்க முடியாது. 'சாப்பிட்டியா, படிச்சியா' என்று போனில் கேட்டால் பையன் எத்தனை வார்த்தை பேசுவான்? என் அக்கா பையன், ஸ்கூலில் ஒருத்தன் தினமும் தன்னை அடிக்கிறான் என்பதை என்னிடம் சொன்னதே நாங்கள் இப்படிச் சோறு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில்தான், திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டான்.

ஒவ்வொரு ஆட்டமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் ஒன்பதுக்கு எழுந்திரு என்றால் எழுந்துவிடலாம், பாதியில் விட்ட அழுகை இருக்காது. தெரியாதவர்களோடு சேர்த்துவிடுகிற ஆட்டத்துக்கு மட்டும் போகவேண்டாம் என்று சொல்லி வையுங்கள். நான்கு பேர் வரை ஆடலாம், நீங்களும் ஒரு கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் காதில் மாட்டியிருக்கிற ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போடுங்கள். வாரத்தில் ஐந்து நாள் அத்தைக்கும் அவர் மகனுடைய குரல் கேட்கவில்லையே.