எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்குக் களிமண் வினையூக்கியை எடுக்கச் சொல்கிறார் கைடு. பழைய தலைப்பு என்கிறார்களே, எடுக்கலாமா?

தாராளமாக எடுங்கள். பழையது என்று சொன்னவர் அநேகமாக உங்கள் வகுப்புத் தோழராக இருப்பார்; அவருக்கு ‘நானோ’ என்று தொடங்கும் தலைப்பு கிடைத்திருக்கும். பழையதுதான், யார் இல்லை என்றது? 1930களிலேயே யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அமிலத்தில் பதப்படுத்திய களிமண்ணைக் கொண்டு கனமான எண்ணெயை உடைத்து பெட்ரோல் எடுத்தார். சியோலைட் என்ற நுண்துளைப் படிகம் பிறகு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நான் எடுத்தது கிளேசிக். அதாவது மான்ட்மோரிலோனைட் கே-10 என்ற, அமிலத்தில் பதப்படுத்திய களிமண் மீது ஏற்றிய துத்தநாகக் குளோரைடு. குளோரைடை மெத்தனாலில் கரைத்து, களிமண்ணைக் கொட்டிக் கலக்கி, மெத்தனாலை ஆவியாக்கிவிட்டு, 280 டிகிரி அளவில் உலையில் வைத்தேன். அதைப் பென்சீனில் போட்டு பென்சைல் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சூடாக்கவே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. திடீரென்று நுரைத்தது, குடுவை வாயில் பிடித்த ஈர நீல லிட்மஸ் சிவந்தது. களிமண்ணை வடிகட்டியதோடு சரி. பென்சீனும் பென்சைல் குளோரைடும் சேர்ந்து கிடைத்த டைஃபீனைல்மீத்தேன் நம் ஊர் வெயிலில் எண்ணெயாகத்தான் நிற்கும். ஃப்ரிட்ஜில் வைத்ததும் ஊசி ஊசியாக உறைந்தது. பக்கத்து மேசையில் இதே வினையை வழக்கமான அலுமினியம் குளோரைடு வைத்துச் செய்தவர் ஐஸில் கொட்டிப் புகையோடு போராடிவிட்டு, பிரிபுனலில் பிரிய மறுத்த கூழை முறைத்துக்கொண்டிருந்தார்.

‘இதிலும் ஹைட்ரஜன் குளோரைடு வருகிறதே, இதுவா பசுமை வேதியியல்?’ என்று யாராவது கிளம்புவார்கள். வரத்தான் செய்யும்; பென்சைல் குளோரைடில் இருக்கும் குளோரின் வேறெங்கே போகும்? இதில் இல்லாமல் போவது அலுமினியக் கழிவுநீர்தான். அசைலேற்றத்துக்கு, அதாவது வளையத்தில் கார்பனைல் உள்ள தொகுதியைச் சேர்க்கும் வினைக்கு, கிளேசிக் பெரிதாக உதவாது என்பதும் எனக்குத் தெரியும்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர், “மண்ணைப் போட்டுக் கலக்கியதற்கு ஒரு பட்டமா?” என்றார். அந்த மண்ணில் ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு உண்டு, அமிலம் அலுமினியத்தை அரித்தெடுப்பதால் உண்டான துளைகளில்தான் துத்தநாகம் உட்காருகிறது என்று விளக்கினேன். சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார்.

அந்தப் பரப்பை அளக்கும் கருவி எங்கள் கல்லூரியில் கிடையாது. வெளியே அனுப்பி, விடுதிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணத்தில் கட்டணம் கட்டினேன். அதே ஆண்டுதான் அலுவலகக் கட்டடத்துக்குப் பளிங்குத் தரை போட்டார்கள். நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டின் விசிறியோ நான் படிப்பை முடிக்கும்வரை சுற்றவில்லை. பென்சீனை ஜன்னலோரம் வைத்துச் செய்தோம். அந்த நச்சு உங்களுக்கு வேண்டாம், நீங்கள் டொலுயீனில் செய்யுங்கள். வளையத்தில் சேரும் இடத்தைப் பொறுத்து ஆர்த்தோ, பாரா என்று இரண்டு விளைபொருளும் கலந்து வரும், பரவாயில்லை.