பறக்காமல் கிடந்த என்ஜின் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நாங்கள் நண்பர்கள் மூவர் சேர்ந்து 1974-ஆம் வருட செஸ்னா 172எம் ஒன்றை வாங்க நினைக்கிறோம். என்ஜின் லைகோமிங் ஓ-320-இ2டி. 18 வருடங்களுக்கு முன் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்) ஆனது. அதன்பின் 420 மணிநேரம்தான் ஓடியிருக்கிறது. "2000 மணிநேரத்தில்தான் அடுத்த ஓவர்ஹால், இன்னும் 1580 மிச்சம்" என்கிறார் விற்பவர். கடைசி மூன்று வருடம் விமானம் அநேகமாகப் பறக்கவில்லை. ஆனால் வாரம் தவறாமல் பதினைந்து நிமிடம் தரையில் ஓடவிட்டு, இடைப்பட்ட நாட்களில் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிவைத்து என்ஜினைப் பாதுகாத்ததாகச் சொல்கிறார். வாங்கலாமா? வாங்கினால் எப்படி வைத்துக்கொள்வது? எங்களால் ஆளுக்கு மாதம் ஒருமுறைதான் பறக்க முடியும்.

கே. எஸ்.

அன்புள்ள கே. எஸ்.,

அந்த 1580 மணிநேரத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். இந்த என்ஜினுக்கு லைகோமிங் சொல்லும் வரம்பு 2000 மணிநேரம் அல்லது 12 வருடம், இரண்டில் எது முந்துகிறதோ அது. சொந்த உபயோக விமானத்தில் அதைத் தாண்டியும் ஓட்டப் பல நாடுகளின் விதிகள் இடம் தருகின்றன. தாண்டியபின்பும் நன்றாக ஓடும் என்ஜின்கள் உண்டு. ஆனால் அவை அடிக்கடி பறந்துகொண்டிருந்தவை. உங்கள் என்ஜின் அப்படியல்ல.

லைகோமிங்கில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. என்ஜின் நின்றதும் ஆயில் வழிந்து கீழே போய்விடும். சில வாரங்களில் கேமின் மேல் மெல்லிய படலம்தான் மிஞ்சும். ஈரம் அதையும் தாண்டி இரும்பைத் தொடும். கேம் முகடுகளிலும் அவை தள்ளும் டேப்பெட்டின் முகத்திலும் துருப்புள்ளிகள் விழும். மறுபடி ஓட்டும்போது அந்தப் புள்ளிகளிலிருந்து கெட்டிப்படுத்திய மேல்தோல் செதில் செதிலாகப் பெயர்ந்து ஆயிலில் கலக்கும். அதன்பின் தேய்மானம் நிற்காது. (கான்டினென்டல் ஓ-200, ஓ-300 என்ஜின்களில் கேம் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. சிலிண்டர் சுவர்த் துரு அவற்றுக்கும் உண்டு.)

வாரம் பதினைந்து நிமிடம் ஓடவிட்டது உதவியிருக்காது, கெடுத்திருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போகும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, கிராங்க்ஷாஃப்ட் இருக்கும் கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அது வெளியேற ஆயில் நன்றாகச் சூடாக வேண்டும். தரையில் நிற்கும்போது சிலிண்டர் தலைகள் சீக்கிரம் சூடேறும், ஆயில் ஏறாது. ஆக ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தண்ணீரும் எரிபொருளின் ஈயச் சேர்மானத்திலிருந்து வரும் அமிலமும் உள்ளே சேர்ந்ததுதான் மிச்சம். மாதம் ஒரு முறையாவது, ஆயில் 74 முதல் 93 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க, தொடர்ந்து ஒரு மணிநேரம் பறக்க வேண்டும் என்பதே லைகோமிங்கின் பரிந்துரை. பறக்க முடியாத வாரத்தில் என்ஜினைத் தொடாமல் விடுவதே மேல்.

ப்ரொப்பெல்லரைச் சுற்றுவதும் அப்படித்தான். ஆயில் பம்ப் அந்த வேகத்தில் கேமுக்கு எதையும் அனுப்பாது. இருக்கும் படலத்தை டேப்பெட் வழித்து எடுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து கைக்கு. ப்ளக்குக்குப் பொறி தருவது மேக்னிட்டோ; அதை அணைக்கும் பி-லீட் ஒயர் அறுந்திருந்தால், சாவி ஆஃபில் இருந்தாலும் மேக்னிட்டோ உயிரோடு இருக்கும். உள்ளிருக்கும் இம்பல்ஸ் கப்ளிங் என்ற சுருள்வில் அமைப்பு மெதுவான சுழற்சியிலேயே பொறி தரும். என்ஜின் பற்றிக்கொள்ள ஒரு வெடிப்பு போதும்.

இனி, பார்க்கப் போகும்போது.

நீங்கள் வருமுன் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று சொல்லிவையுங்கள். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிரில் ஸ்டார்ட் ஆனதும் தடுமாறி, சில நிமிடத்தில் தானே சரியாகிற என்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு அதன் கைடில் (வால்வுத் தண்டு நகரும் குழாயில்) சிக்க ஆரம்பித்திருக்கலாம்.

சிலிண்டர் காற்றைக் கசியவிடாமல் பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையை 80 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காற்று கொடுத்துச் செய்வார்கள். 70-க்கு மேல் வந்தால் மகிழ்ச்சி, 60-க்குக் கீழே போனால் அந்தச் சிலிண்டரில் வேலை இருக்கிறது. கசியும் இடத்தைக் காதால் பிடியுங்கள். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங். மெக்கானிக் ப்ரொப்பெல்லரை இறுகப் பிடித்திருக்க வேண்டும். நீங்கள் அதன் வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள். ஆனால் இந்தச் சோதனையோடு திருப்தி அடையாதீர்கள். நான்கு சிலிண்டரும் 78 காட்டுகிற என்ஜினில்கூட கேம் அழுகிப்போயிருக்கலாம். கம்ப்ரஷன் கேமைப் பற்றி எதுவுமே சொல்லாது.

கேமைப் பற்றிச் சொல்வது ஆயில் ஃபில்டர். ஒரு மணிநேரம் பறக்கவிட்டு, ஃபில்டரைக் கழற்றி, அதற்கான கட்டரால் வெட்டிப் பிரியுங்கள். ரம்பம் வேண்டாம், அதன் தூளே உள்ளே விழும். மடிப்பு மடிப்பாக விரித்துச் சால்வென்டில் கழுவி, அடியில் தங்குவதைக் காந்தத்தால் தொடுங்கள். ஒட்டினால் இரும்பு, அதாவது கேம், டேப்பெட், கியர் அல்லது சிலிண்டர் சுவர். கரித்துகள்களும் மினுங்கும், ஆனால் விரலால் அழுத்தினால் பொடியும். ஃபில்டர் இல்லாமல் வெறும் வலைச் சல்லடை இருந்தால் அதையும், சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) உள்ள சல்லடையையும் பாருங்கள். போன வாரம்தான் ஆயில் மாற்றினேன் என்று விற்பவர் சொன்னால், சான்று குப்பையில் போய்விட்டது என்று பொருள். பழைய ஆயில் பரிசோதனை அறிக்கைகளைக் கேளுங்கள்.

அடுத்தது சிலிண்டர் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவர்களைக் கழற்றி வால்வு எவ்வளவு திறக்கிறது என்று டயல் கேஜால் அளப்பது. இந்தக் கேமில் எதிரெதிர் சிலிண்டர்களின் இன்டேக் வால்வுகளுக்கு ஒரே முகடு. இரட்டை வேலை செய்யும் அந்த முகடுதான் பெரும்பாலும் முதலில் தேயும். ஒரு ஜோடி இன்டேக் மற்ற ஜோடியைவிடக் குறைவாகத் திறந்தால் கேம் போய்விட்டது.

ஐயம் தீராவிட்டால் ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமை நேரில் பார்க்கலாம். அனுபவமுள்ள கையால் மட்டுமே செய்யவேண்டிய வேலை அது. சிலிண்டரைப் பிடிக்கும் நீளப் போல்ட்டுகள்தான் கிராங்க்கேஸின் இரு பாதிகளையும் பிடித்திருக்கின்றன. அவை தளர்ந்த நிலையில் கிராங்க்கைச் சுற்றினால் அதைத் தாங்கும் மெயின் பேரிங் நகர்ந்துவிடலாம். கேம் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்ற வழியில்லை, கிராங்க்கேஸையே பிளக்க வேண்டும்.

எரிபொருள், ஆயில் ஹோஸ்களின் தேதிப் பட்டை, இறக்கை மேல் டேங்க் மூடிகளின் ரப்பர் வளையம், இடது இறக்கைக்கு அடியிலுள்ள டேங்க் காற்றுக்குழாயில் குளவிக்கூடு, வால்பகுதியில் எலிக்கூடு இவற்றையும் விடாதீர்கள். எலியின் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும். முன்னிருக்கைத் தண்டவாளத் துளைகள் தேய்ந்திருந்தால் டேக்-ஆஃபில் இருக்கை பின்னோக்கி ஓடும். ஆட்களைக் கொன்ற பழுது அது.

விலையை, என்ஜினுக்கு இன்றே ஓவர்ஹால் தேவை என்று வைத்துப் பேசுங்கள். விற்பவர் இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள். வருடம் 100 மணிநேரம் பறந்து 1500-ஐத் தொட்ட என்ஜின் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

வாங்கினால், மூவரும் ஒரே வார இறுதியில் பறக்காமல் பத்து நாளுக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். ஆளுக்கு மாதம் ஒன்று என்றாலும் என்ஜினுக்கு மூன்று. ஒவ்வொன்றும் ஒரு மணிநேரமாவது இருக்கட்டும். சல்லடை மட்டும் இருந்தால் 25 மணிநேரத்துக்கு ஒருமுறை, ஃபில்டர் இருந்தால் 50-க்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். மணி ஆகாவிட்டாலும் நான்கு மாதத்தைத் தாண்டவேண்டாம். என்ஜின் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். டாக்ஸி செய்கையில் (தரையில் உருட்டிச் செல்கையில்) மிக்ஸ்சரை நன்றாக லீன் செய்தால், அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளைக் குறைத்தால், ப்ளக்கில் ஈயம் படியாது.

மாதக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால், பாதுகாப்பு ஆயில் ஊற்றி ஒருமுறை பறந்துவந்து, சிலிண்டர்களுக்குள் அதையே தெளித்து, மேல் ப்ளக்குகளுக்குப் பதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ப்ளக்குகளைப் போடுங்கள். காற்று நுழையும் வாய், புகைக்குழாய், பிரீதர் (கிராங்க்கேஸின் காற்றுக்குழாய்) மூன்றையும் அடைத்துச் சிவப்புக் கொடி தொங்கவிடுங்கள். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். மறுபடி எடுக்கும்போது, மேக்னிட்டோ இரண்டும் தரையிடப்பட்டிருப்பதை (பி-லீட் வழியாக அணைந்திருப்பதை) உறுதிசெய்துகொண்டு, கீழ் ப்ளக்குகளைக் கழற்றி, தேங்கிய ஆயில் முழுதும் வெளியேறும்வரை ப்ரொப்பெல்லரைச் சுற்றுங்கள். ஆயில் தேங்கிய சிலிண்டரோடு ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராட் வளையும்.