பிரேக்கை மிதித்தால் சத்தம் நிற்கிறது, அப்போது கோளாறு இல்லைதானே?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு வருடப் பழைய சின்ன கார், 52,000 கி.மீ. ஓடியிருக்கிறது, தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறார். காலையில் ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக்கில் 'கரகர'வென்று உரசல், தெருமுனை தாண்டுவதற்குள் போய்விடுமாம். அது பழகிவிட்டது. ஆனால் பத்து நாளாக முன் இடது சக்கரத்தில் மெல்லிசாக ஒரு 'கீ...' சத்தம், ஓடும்போது வருகிறது, பிரேக்கில் கால் வைத்தால் நின்றுவிடுகிறது. மிதித்தால் நிற்பதால் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்று நண்பர் சொன்னாராம், சரியா என்கிறார்.

சரியில்லை. நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவதே அந்த இரண்டாவது சத்தம்தான்.

காலைச் சத்தத்தை முதலில் முடித்துவிடுவோம். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டு, பேட் என்பது மிதிக்கும்போது அதை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் கட்டை. பேட் உரசும் இடத்தில் பெயின்ட் எதுவும் நிற்காது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டி நிற்கிறது, ராத்திரி முழுக்க உப்புக்காற்று, பனி. விடிவதற்குள் டிஸ்க் மேல் ஆரஞ்சு நிறத்தில் துருப்படலம் பூத்துவிடும். நாலைந்து முறை பிரேக் அடித்தால் பேட் அதைச் சுரண்டி எடுத்துவிடும். இதற்காகப் பட்டறைக்குப் போக வேண்டாம். சிலர் டிஸ்க் மேல் துரு போக்கும் ஸ்பிரே அடிக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், எண்ணெய்ப் பசை பட்ட பிரேக் பிடிக்காது.

இப்போது அந்த 'கீ...'. நிறைய வண்டிகளில் பேட் ஓரத்தில் சின்னதாக வளைந்த ஒரு எஃகுத் தகடு இருக்கும். பேட் தேய்ந்து 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அதன் நுனி டிஸ்க்கைத் தொட ஆரம்பிக்கும், கரும்பலகையில் நகம் பட்ட மாதிரி கத்தும். அதன் வேலையே உங்களைக் கூப்பிடுவதுதான். பிரேக்கை மிதித்தால் பேட் டிஸ்க்கோடு அழுந்திவிடும், தகடு அதிர இடமில்லாமல் அடங்கிவிடும், வேறு சில வண்டிகளில் நேர்மாறாக மிதித்தால்தான் கத்தும். ஆக, எப்படிப்பட்ட சத்தம் என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் கவனித்துச் சொன்னால் மெக்கானிக்குக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடித்து வையுங்கள், இடது சக்கரத்தின் பின்விளிம்பு வெளியே வரும். சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து செல்போன் டார்ச் அடித்தால் காலிப்பரும் (பேடுகளைத் தாங்கி அழுத்தும் கவ்வி) உள்பக்கப் பேடும் தெரியும். புதுப் பேடில் உரசும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர், 3-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். வெளிப்பேடை மட்டும் ரிம் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். நான் அப்படி ஏமாந்தவன். மழைக்காலம் முழுக்க வெளியே நின்ற என் சொந்த வண்டியில் வெளிப்பேடு 7 மில்லிமீட்டர் இருந்தது, 'இன்னும் ஒரு வருஷம் ஓடும்' என்று விட்டுவிட்டேன், கழற்றிப் பார்த்தால் உள்பேடு முழுக்கத் தேய்ந்து பின்பக்க இரும்புத் தகடுதான் மிச்சம். காலிப்பர் எதன் மேல் நகருமோ அந்தக் கம்பி, அதாவது 'பின்' (pin), துருப்பிடித்து இறுகிவிட்டது, உள்பேடு மட்டுமே தேய்ந்திருக்கிறது. கடலோர வண்டிகளில் இது சகஜம். அதனால் பேட் மாற்றும்போது அந்தப் பின்களையும் உருவிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிவிடும்.

பேட் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஜல்லி. சாலை வேலை நடக்கிற இடத்தில் போனால் ஒரு பொடிக்கல் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள மெல்லிய தகரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பயங்கரமாகக் கத்தும், பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும். பல நேரம் மெதுவாகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தாலே விழுந்துவிடும். வேகம் கூடக் கூட 'ஊ...' என்று ஏறி, வளைவில் மாறுகிற சத்தம் என்றால் வீல் பேரிங், அது வேறு கதை.

மிதிக்கும்போது 'கர்ர்ர்' என்று இரும்பு இரும்போடு அரைக்கிறதா, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? அப்படியானால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், பட்டறைக்குக்கூட இழுவை வண்டியில்தான். உங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை, ஆனாலும் அரியாங்குப்பம் சிக்னலில் முன்னால் ஒரு டூவீலர் குறுக்கே வரும்போது பேட் எவ்வளவு மிச்சம் என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது, இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

இடதில் சத்தம் என்று இடதை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள், முன் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான். டிஸ்க்கில் பள்ளம் விழுந்திருந்தால் கடைந்து சமப்படுத்த லேத்தில் கொடுக்கும் முன் தடிமனை அளக்கச் சொல்லுங்கள், குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அப்புறம், புதுப் பேட் போட்ட வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து தரம் அமுக்கி, அது கெட்டியாகிறதா என்று பாருங்கள். புதுப் பேடுக்கு இடம் கிடைக்க, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், முதல் மிதியில் பெடல் தரை வரை போய்விடும், பட்டறை வாசலிலேயே இடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.