மதுரையில் வீட்டுத் தோட்டத்தில் மக்கடாமியா வளருமா?
வீட்டுக்குப் பின்னால் வைக்கலாமா, காயை எப்போது பறிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், ஆனால் நம் சித்திரை வெயில் அதற்கு ஆகாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பக்கத்துக் கொட்டைப் பருப்பு மரம் அது. 20 முதல் 25 டிகிரிதான் இதம். சிறுமலையில் இடம் இருந்தால் அங்கேயே வையுங்கள் என்பேன்.

ஒட்டுக்கன்றாக வாங்குங்கள், 4, 5 வருடத்தில் காய்க்கும். வேர் ஆழம் போகாது. ஆடிக் காற்றுக்கு மறைப்பு வேண்டும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தை அள்ளிப் போடாதீர்கள், இலை மஞ்சளித்துவிடும்.

காயைப் பறிக்கவே வேண்டாம், முற்றியது தானாக விழும். ஒரு நாளுக்குள் பச்சைத் தோலை உரித்து, ஓட்டோடு நிழலில் 2, 3 வாரம் உலர்த்துங்கள். நன்றாகக் காய்ந்தால், குலுக்கும்போது உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்கும். அப்புறம், வீட்டில் நாய் இருந்தால் கவனம்: இந்தப் பருப்பு அதற்கு நஞ்சு.