வாசகர் கேள்வி பதில்: பெல்லட் கிரில்லில் தீப்பிடிப்பது ஏன்?

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். கொல்லைப்புறத்தில் வைத்திருக்கும் பெல்லட் கிரில்லில் (மரத்தூள் குச்சிகளை எரிக்கும் அடுப்பில்) மாட்டின் நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட்டையும் பன்றித் தோள்கறியையும் பலமுறை புகையில் வேகவைத்திருக்கிறோம். ஒருமுறைகூடத் தொல்லை நேர்ந்ததில்லை. சென்ற வாரம் கோழித் தொடைகளின் தோலை மொறுமொறுப்பாக்குவதற்காக வெப்பத்தை 450 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏற்றியதும் கரும்புகை கிளம்பி, உள்ளே தீப்பற்றிக்கொண்டது. கோழியில் அவ்வளவு கொழுப்பு ஏது?

பதில்: எரிந்தது பெரும்பாலும் கோழிக் கொழுப்பாக இருக்காது, முன்பு சமைத்த பிரிஸ்கெட்டிலிருந்தும் தோள்கறியிலிருந்தும் வடிந்து தட்டிலேயே தங்கிவிட்ட பழைய கொழுப்பாகத்தான் இருக்கும். இவ்வகை அடுப்பில், மரத்தூளை இறுக்கிச் செய்த குச்சித் துண்டுகளைத் திருகுத்தண்டு ஒன்று சிறிது சிறிதாகத் தள்ளிக் கொண்டுவந்து அடியிலுள்ள கிண்ணத்தில் போட, அவை மின்விசிறியின் காற்றில் எரிகின்றன. கிண்ணத்துக்கு மேல் வெப்பத்தைப் பரப்பும் தகடும், அதற்கும் மேல் சரிவான வடிதட்டும் இருப்பதால், இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு நெருப்பில் விழாமல் ஓடி வெளியே தொங்கும் வாளியில் சேர்ந்துவிட வேண்டும். ஆனால் 12 பவுண்டு பிரிஸ்கெட் ஒன்று 225 டிகிரியில் (ஏறத்தாழ 107 செல்சியஸ்) பகல் முழுவதும் வேகும்போது வடிகிற கொழுப்பு அத்தனையும் வாளிக்குப் போய்விடுவதில்லை. ஒரு பகுதி புகைக்கரியோடு கலந்து, பிசினாகத் தட்டில் படிந்துவிடுகிறது. குறைந்த சூட்டில் அது தீப்பற்றாது என்பதால், அடுப்பு நன்றாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

நீங்கள் வைத்த 450 டிகிரி என்பது இறைச்சியைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பம் மட்டுமே; நெருப்புக் கிண்ணத்துக்கு நேர்மேலே தட்டு அதைவிட வெகுவாகச் சூடேறுகிறது. கொழுப்பு ஆவியாகத் தொடங்கிய பிறகு, தகட்டின் ஓரமாக எழும்பும் ஒரு சுடர் அதைத் தொட்டாலே போதும். குறைந்த சூட்டில் சமைத்த அதே நாளில் கடைசியில் வெப்பத்தை ஏற்றி மேற்புறத்தைச் சிவக்க வைக்கும் வழக்கமும் இதே காரணத்தால் ஆபத்தானது. அதற்குத் தனியாக ஒரு இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

தீப்பற்றினால் முதலில் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்கக் கை பரபரக்கும். ஆனால் திறந்த நொடியில் புதுக் காற்று புகுந்து சுடர் முகத்துக்கு நேராகப் பாயும். பொத்தானை அணைத்தாலும் பல கிரில்களில் விசிறி சில நிமிடங்கள் தொடர்ந்து சுழன்று தீக்குக் காற்றூட்டும் என்பதால், மின்கம்பி பாதுகாப்பாகக் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அதைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது: கொதிக்கும் கொழுப்பில் விழும் நீர் அக்கணமே ஆவியாகிப் பன்மடங்கு விரிந்து, எரியும் கொழுப்பை நாலாபுறமும் தெறிக்கவிடும். மூடி ஏற்கெனவே திறந்திருந்து, சிறு தீயாகவும் இருந்தால் ஆப்பச் சோடாவைத் தூவலாம். மாவைத் தூவினால் அதுவே பற்றிக்கொள்ளும். மூடியிருந்தும் அடங்காவிட்டால் ஏ-பி-சி வகைத் தீயணைப்பானைப் (மரம், எண்ணெய், மின்சாரம் மூன்றின் தீக்கும் ஏற்றது) பயன்படுத்துங்கள். தீ சுவரையோ வேலியையோ நெருங்கினால், எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 911-ஐ அழையுங்கள். தீயணைப்பான் தூள் பட்ட கோழியைக் குப்பையில்தான் போட வேண்டும்.

இனிமேல், கொழுப்பு மிகுந்த இறைச்சியைச் சமைத்த ஒவ்வொரு முறையும், அடுப்பு முற்றிலும் ஆறிய பிறகு வடிதட்டைச் சுரண்டித் துடையுங்கள். வாளிக்குச் செல்லும் குழாயில் அடைப்பு உள்ளதா என்று பார்ப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். தட்டைச் சுத்தமாக வைத்திருந்தாலும் குழாய் அடைத்திருந்தால் கொழுப்பு உள்ளேயே தேங்கும். கிரில் சமதளத்தில் நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். பிரிஸ்கெட்டின் மேல் கொழுப்பைக் கால் அங்குலத்துக்குக் குறைத்து வெட்டி, அடியில் நீர் நிரப்பிய அலுமினியத் தட்டு ஒன்றை வைத்தால் வடிவதில் பெரும்பகுதி அதிலேயே விழுந்துவிடும்.

கேள்வி: வடிதட்டின் மேல் அலுமினியத் தாள் விரிக்கலாமா? மற்றொரு சந்தேகம்: எங்கள் கிரில்லில் இறைச்சி வைப்பதற்கு முன்பே, பற்றவைக்கும்போதே ஒருமுறை பெருந்தீ எழுந்தது.

பதில்: தாள் விரிக்கலாம், ஆனால் சுருக்கமின்றி இழுத்து விரிக்க வேண்டும், மடிப்புகளில் கொழுப்பு குட்டையாகத் தேங்கும். வடிகால் வாயையும் தட்டின் ஓரத்து இடைவெளிகளையும் மூடிவிடாதீர்கள். தாளை அடிக்கடி மாற்றுங்கள்.

இரண்டாவதாக நீங்கள் சொல்வது கொழுப்புத் தீயாக இருக்க வாய்ப்புக் குறைவு. சமையலின் நடுவே நெருப்பு அணைந்துபோனாலோ முதல்முறை பற்றாமல் போனாலோ, திருகுத்தண்டு தள்ளிக்கொண்டே இருக்கும் குச்சிகள் கிண்ணத்தில் குவிந்துவிடும். அப்படியே மறுபடி பற்றவைத்தால், முதலில் அடர்ந்த வெண்புகை வந்து, பிறகு குவியல் முழுவதும் ஒரேயடியாக எரியும். அணைந்த கிரில்லை ஆறவிட்டு, தட்டையும் தகட்டையும் எடுத்து, கிண்ணத்தைக் காலி செய்த பிறகே மீண்டும் பற்றவையுங்கள். அள்ளிய சாம்பலில் பல மணி நேரம் கழித்தும் கங்கு இருக்கக்கூடும் என்பதால், அதை மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போட்டு வீட்டுக்கு எட்டத்தில் வைத்திருங்கள்.